வெட்டிய பிறகும் நிற்கும் காடு: தெராமாகோட் பயணக் குறிப்புகள்

ஜூலை 8, திங்கள், சண்டாக்கான்

கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பறப்பில் சண்டாக்கான் வந்து சேர்ந்தோம். தீபகற்பத்திலிருந்து வருகிற மலேசியர்களுக்கும் போர்னியோத் தீவிலுள்ள சபா மாநிலத்தில் குடிநுழைவுச் சோதனை உண்டு என்பதால் வரிசையில் நின்று, வெளியே வந்தபோது வெயில் உச்சந்தலையைப் பிளந்துகொண்டிருந்தது. உடன் வந்திருப்பவர் மூவாரில் மரத்தளவாடப் பட்டறை நடத்தும் நண்பர். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் எனக்குத் தம்பி, நான் அவருக்கு அண்ணன். அவருடைய பட்டறை தோட்டத்தில் போடும் மேசை நாற்காலிகளைச் செய்து நெதர்லாந்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள வாங்குநர் சில காலமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: இந்த மரத்துக்கு எஃப்.எஸ்.சி முத்திரை உண்டா? காட்டைப் பொறுப்புடன் பேணி வெட்டிய மரம் என்று ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் பன்னாட்டு அமைப்பு சொல்லும் அந்த முத்திரைக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தம்பி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்ப்பதென்றால் தெராமாகோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னவன் நான். தென்கிழக்கு ஆசியாவில் எஃப்.எஸ்.சி சான்றிதழ் பெற்ற முதல் வெப்பமண்டல இயற்கைக் காடு அதுதான், ஆண்டு 1997.

சண்டாக்கான் மரத்தால் வாழ்ந்த ஊர். இன்று சபா எனப்படும் வட போர்னியோவின் வனத்துறை 1914-இல் தொடங்கப்பட்டது. இன்றும் சபா வனத்துறையின் தலைமையகம் கோத்தா கினபாலுவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 1970-களிலும் 80-களிலும் சபாவின் மரக்கட்டைகள் கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போயின. துறைமுகத்தை ஒட்டிய கோப்பிக் கடையில் எங்கள் மேசையில் இடம் கேட்டு அமர்ந்த சீனப் பெரியவர் ஒருவர், தான் இளைஞராக இருந்தபோது இந்த விரிகுடாவில் மிதந்த கட்டைகளின் மேல் கால் நனையாமல் வெகுதூரம் நடந்து போகலாம் என்று சொன்னார். அவர் ஒரு மரக் கம்பெனியில் அளவெடுப்பவராக வேலை பார்த்தவர். "அன்றைக்கு ஒரு கட்டையும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, எத்தனை கன அடி என்று மட்டும் கேட்பார்கள்" என்றார். கிளம்பும்போது எங்கள் கோப்பிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனதை, கல்லாவுக்குப் போன பிறகுதான் அறிந்தோம்.

மீன் மீ என்னும் மீன் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் 11 வெள்ளி (ரிங்கிட்). தடித்த மீன் துண்டுகள், புளிக்க வைத்த கீரை, பால் கலந்த வெண்ணிறச் சாறு. இந்த வெயிலுக்கு அது எப்படிப் பொருந்தியது என்று தெரியவில்லை, ஆனால் பொருந்தியது. இந்த ஊருக்கே உரிய யூ.எஃப்.ஓ தார்ட் என்ற இனிப்பையும் வாங்கினோம். அடியில் மெல்லிய கேக், நடுவில் கஸ்டர்டு, சுற்றிலும் பொன்னிறமாகச் சுட்ட முட்டை வெள்ளைக்கரு. தம்பி இரண்டு சாப்பிட்டார்.

ஜூலை 9, செவ்வாய், செபிலோக்

காட்டுக்குள் போவதற்கான அனுமதிக் கடிதத்தில் ஒரு தேதி தவறாக இருந்ததால் காலை நேரம் முழுவதும் திருத்தத்துக்குப் போயிற்று. திருத்திக் கொடுத்த பெண் அலுவலர் எங்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதியத்துக்கு மேல் செபிலோக் சென்றோம். 1964-இல் தொடங்கிய ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்தில் கூட்டம் அதிகமாக இருந்ததால் அங்கே நேரம் செலவிடாமல், அருகிலுள்ள மழைக்காட்டு அறிமுக மையத்தின் உயர்நடைபாதையில் ஏறினோம். ஏறிய கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் நனைந்தபடி நின்றபோது பார்த்த காட்சி நாளைக்குப் பார்க்கப்போகும் காட்டுக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது. இது பெருமளவில் வெட்டப்படாத காடு. சேராயா, கேருயிங், கப்பூர், செலாங்கான் பத்து என்று வணிகர்கள் பெயர் சொல்லும் மரங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இறகு முளைத்த காய்களை உதிர்ப்பவை. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை காடு முழுவதும் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். விதை அதிக தூரம் பறக்காது, நிலத்தில் நெடுங்காலம் உயிரோடு காத்திருக்கவும் செய்யாது. எனவே பெரிய மரங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டால், அடுத்த முறை காய்க்க வேண்டிய காலம் வரும்போது காய்ப்பதற்குத் தாய்மரம் இருக்காது. பேணி வெட்டுவது என்ற கருத்தின் ஆணிவேர் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரவு தங்கிய விடுதியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. ஈரத் துணிகள் ஈரமாகவே மூட்டைக்குள் போயின.

ஜூலை 10, புதன், தெலுப்பிட் வழியாகத் தெராமாகோட்

விடியற்காலையில் வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் டூசுன் இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அபாங் (மலாயில் அண்ணன்) என்று அழைத்தேன், அவர் எங்கள் இருவரையும் பொதுவாக "போஸ்" என்றார். வாடகை, எண்ணெய், அவருடைய சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 450 வெள்ளி. விலை அதிகமென்று முதலில் நினைத்த தம்பி, மாலையில் சாலையைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சண்டாக்கானை விட்டு மேற்கே திரும்பியதிலிருந்து சாலையின் இருபுறமும் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. மேடு, பள்ளம், ஆற்றங்கரை எங்கும் செம்பனை. தோட்டப்புறத்தில் பிறந்த எங்கள் இருவருக்கும் செம்பனை அந்நியமில்லை. என் தந்தையார் பால் வெட்டிய ரப்பர் தோட்டமும் பின்னாளில் செம்பனையாக மாறியதுதான். ஆனால் இந்த நிலம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறவில்லை, காட்டிலிருந்து மாறியிருக்கிறது. அது நடந்த முறையை அபாங் வண்டி ஓட்டியபடியே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்: "முதலில் பாலாக் முடிந்தது. பாலாக் முடிந்தால் காடு சும்மா கிடக்கிறது என்பார்கள், பிறகு சாவிட் வரும்." பாலாக் என்றால் மரக்கட்டை, சாவிட் என்றால் செம்பனை. குறுகிய கால உரிமத்தில் வருகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிக்கொண்டு போய்விடுவார். வெறுமையாகிவிட்ட காட்டிலிருந்து அரசுக்கு வரும் வருமானம் வற்றிவிடும். அப்போது அந்த நிலத்தைத் தோட்டமாக மாற்றுவதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். எனவே காட்டைத் தோட்டமாக்காமல் காப்பாற்ற வேண்டுமென்றால் அது காடாக இருந்துகொண்டே ஏதோ ஒரு வருமானத்தைத் தந்துகொண்டிருக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த நீண்ட சாலையில் மணிக்கணக்கில் செம்பனையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் மறுத்துப் பேசுவது கடினம்.

தெலுப்பிட்டில் சாப்பாட்டுக்காக நிறுத்தினோம். சோறு, வறுத்த ஆற்றுமீன், பம்பாங்கான் என்னும் காட்டு மாங்காய் ஊறுகாய், தூஹாவ் என்னும் காட்டு இஞ்சித்தண்டு ஊறுகாய். மூன்று பேருக்கும் 34 வெள்ளி. தூஹாவின் வாசனை மூக்கில் ஏறி நெடுநேரம் இறங்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது, தம்பி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. கடை வாசலில் தாராப் பழம் விற்ற அம்மையாரிடம் விலை கேட்டேன். 8 வெள்ளி என்றவர், நாங்கள் வெளியூர் என்று அறிந்ததும் ஒன்றைப் பிளந்து, முதலில் தின்று பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று கையில் கொடுத்தார். பலாவைப் போலத் தோல், உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சுளை, வாயில் வைத்தவுடன் கரையும் இனிப்பு. வாங்கினோம். தின்று பார்த்த பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தார்ச் சாலையை விட்டுச் சரளைப் பாதையில் இறங்கிய பிறகுதான் உண்மையான பயணம் தொடங்கியது. நேற்றைய மழையில் ஒரு மேட்டுச் சரிவு பாதை மேல் வழிந்திருந்தது. அதைத் தாண்டிய சிறிது நேரத்தில் பின்சக்கரம் ஒன்று கிழிந்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, ஆனால் அதிலும் காற்று குறைவு. எதிரே வந்த வனத்துறை வண்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கேளாமலேயே இறங்கி, தங்கள் பம்பால் காற்றடித்துக் கொடுத்து, சேறு படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எங்களோடு கைகுலுக்கினார்கள். நுழைவாயிலை அடைந்தபோது இருட்டிவிட்டது. கைப்பேசியில் சிக்னல் போய்ப் பல மணி நேரமாகியிருந்தது.

ஜூலை 11, வியாழன், வெட்டப்பட்ட பகுதிக்குள்

காலையில் ஒரு வன அலுவலர் எங்களைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் நிறுத்தினார். தெராமாகோட் 55 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட வனப்பகுதி. 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை இதுவும் மற்றக் காடுகளைப் போலவே வெட்டப்பட்டது. 1989-இல் ஜெர்மன் தொழில்நுட்பக் கூட்டுறவு நிறுவனமான ஜி.டி.இசட் சபா வனத்துறையோடு சேர்ந்து, ஏற்கெனவே சிதைந்த ஒரு காட்டை வெட்டிக்கொண்டே மீட்க முடியுமா என்று பார்க்கும் திட்டத்தை இங்கே தொடங்கியது. காடு 135 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் ஆண்டில் சில கூறுகளில் மட்டும் வெட்டு நடக்கும். வெட்டி முடிந்த கூறு ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஓய்வில் விடப்படும். ஆண்டுக்கு எவ்வளவு மரம் எடுக்கலாம் என்பது காடு ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்ற கணக்கிலிருந்து வருகிறது. 20 ஆயிரம் கன மீட்டருக்கும் குறைவு. பழைய காலத்துச் சண்டாக்கான் கம்பெனிக்காரர்கள் இந்த எண்ணைக் கேட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பின்னர், அண்மையில் வேலை முடிந்து மூடப்பட்ட ஒரு கூற்றுக்குள் நடந்து போனோம். அட்டைகளுக்காக முழங்கால் வரை துணிக் காலுறை அணிந்திருந்தோம். இருந்தும் ஒன்று என் கழுத்தில் ஏறியிருந்தது. வெட்டிய இடம் என்று சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மேலே விதானம் ஆங்காங்கே திறந்திருந்தது, அவ்வளவுதான். அலுவலர் புதரை விலக்கி ஓர் அடிமரத்தைக் காட்டினார். இடுப்பளவுக்கும் தாழ்வாக வெட்டப்பட்ட செலாங்கான் பத்து. அதன் மேல் சிறிய தகடு ஒன்று ஆணியடித்திருந்தது, தகட்டில் எண். அதே எண் கொண்ட இன்னொரு தகடு, இதிலிருந்து போன கட்டையோடு போயிருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே இந்தக் கூற்றிலிருந்த வெட்டத்தக்க மரங்கள் அனைத்தும் எண்ணி அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்டவை. இந்த மரமும் அதில் ஒரு புள்ளி.

தம்பி அந்த அடிமரத்தின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டார். பலகையாக வந்த மரத்தை மட்டுமே வாழ்நாள் முழுவதும் தொட்டவர் அவர். வளையங்களின் மேல் விரலை ஓட்டியபடி, வெட்டுவாய் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அதற்கு அலுவலர் சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் நான் கற்றவற்றுள் முதன்மையானது.

மரம் தானாகச் சாயக்கூடிய பக்கம் ஒரு சிற்றோடையும் அதன் கரையில் இளமரங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கம் விழாமல், ஏற்கெனவே திறந்திருக்கும் இடத்தை நோக்கி விழும்படி முன்வெட்டைப் போட்டிருக்கிறார்கள். அதற்கும் வெகு முன்னதாக, மரத்தைச் சுற்றியிருந்த கொடிகளை அறுத்துக் காயவிட்டிருக்கிறார்கள். உயிருள்ள கொடி ஒரு மரத்தின் தலையை இன்னொரு மரத்தின் தலையோடு கட்டியிருக்கும், ஒன்று விழுந்தால் சுற்றியுள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். பழைய முறையில் ஒரு மரத்தை எடுக்கப் பல மரங்கள் செத்ததற்கு முதற்காரணம் இதுதான். இரண்டாவது காரணம் புல்டோசர். மரம் எங்கே கிடக்கிறதென்று தேடி அது காடு முழுக்க அலையும். அதன் பாரத்தில் மண் இறுகும். இறுகிய மண்ணில் விதை முளைக்காது, மழைநீர் உள்ளே இறங்காமல் சேற்றை அள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். இங்கே இழுவைப் பாதையை முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள், இயந்திரம் அந்தப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. இயலும் இடங்களில் நீண்ட இரும்புக் கயிற்றை வீசி, தூண்டிலில் மீன் இழுப்பதைப் போலக் கட்டையை மேட்டுக்கு இழுத்துக்கொள்கிறார்கள்.

எதை வெட்டுவது என்பதைவிட எதை விடுவது என்ற பட்டியல் நீளமாக இருக்கிறது. மார்பளவு உயரத்தில் 60 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததை வெட்டக் கூடாது. 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் வெட்டக் கூடாது; அது தாய்மரம். விலங்குகள் தின்னும் பழமரங்களை வெட்டக் கூடாது. செங்குத்துச் சரிவில் கை வைக்கக் கூடாது. ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு பட்டையை அப்படியே விட வேண்டும். உள்ளே பொந்து இருக்குமோ என்று ஐயம் வந்தால், அறுப்பவர் இயந்திர ரம்பத்தின் நுனியைத் தண்டுக்குள் நேராகச் செருகிப் பார்ப்பார்; பொந்தென்று தெரிந்தால் விட்டுவிடுவார். பொந்து மரத்தில் பலகை அதிகம் கிடைக்காது. இருவாச்சிக்கோ அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

சற்றுத் தள்ளி ஒரு மாபெரும் மரம் நின்றது. நாங்கள் மூன்று பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத தண்டு. அதன் மேல் வண்ணப் பூச்சில் ஒரு குறி. வெட்டாதே என்பதற்கான குறி. அதன் சந்தை விலை என்னவாக இருக்கும் என்று தம்பி மனக்கணக்குப் போட்டார், பெரிய தொகை. அந்தத் தொகையை அரசு வேண்டாமென்று அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தாளையும் முத்திரையையும் நினைத்துவந்த எனக்கு, இனி இந்த மரம்தான் நினைவுக்கு வரும்.

மாலையில் கட்டைகளை அடுக்கும் களத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் தகடு, அதனருகே வனத்துறையின் சுத்தியல் முத்திரை. இங்கிருந்து கட்டைகள் ஏலத்துக்குப் போகின்றன. வாங்குபவர், அறுப்பவர், பலகையை விற்பவர், மேசை செய்பவர் என்று கைமாறும் ஒவ்வொருவரும் தனித்தனியே தொடர் சான்று பெற்று, சான்று பெற்ற மரத்தை மற்ற மரத்தோடு கலக்காமல் கணக்கு வைத்தால்தான் கடைசியில் மேசையின் அடியில் அந்த எஃப்.எஸ்.சி குறியை ஒட்ட முடியும். இடையில் ஒருவர் விடுபட்டாலும் இங்குள்ள உழைப்பு அத்தனையும் பெயரற்ற பலகையாகிவிடும். தம்பியின் பட்டறையைப் போன்ற சிறு பட்டறைகள் அப்படித்தான் விடுபடுகின்றன. ஆண்டுதோறும் தணிக்கைக்கு ஆகும் செலவு பெரிய ஆலைக்கு ஒரு துளி, எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு மாத இலாபம்.

இரவுச் சாப்பாடு சோறு, சாயுர் மானிஸ் கீரை வதக்கல், டின் மத்தி. பசியில் அமிர்தமாக இருந்தது.

ஜூலை 12, வெள்ளி, இரவு உலா

பகல் முழுவதும் மழை. அறையிலேயே இருந்தோம்.

மழை விட்ட பிறகு, இரவு எட்டு மணியளவில் திறந்த வண்டியின் பின்புறம் நின்றபடி விளக்கோடு காட்டுச் சாலையில் மெல்லப் போனோம். போர்னியோவின் ஐந்து காட்டுப் பூனை இனங்களும், படைச்சிறுத்தை உட்பட, இந்தக் காட்டில் பதிவாகியுள்ளன. மரம் வெட்டும் காடு ஒன்றில் இப்படி என்பதால் வெளிநாட்டு விலங்கு ஆர்வலர்கள் இங்கே தேடி வருகிறார்கள். படைச்சிறுத்தை எங்களுக்குக் காட்சி தரவில்லை. இரண்டு சிறுத்தைப்பூனைகள், ஒரு புனுகுப்பூனை, கண்கள் மட்டும் செந்தணலாக ஒளிர்ந்த ஒரு தேவாங்கு ஆகியவற்றைப் பார்த்தோம். யானைச் சாணம் புதிதாகக் கிடந்தது, யானை தென்படவில்லை. அடுத்த வண்டியில் வந்த ஆங்கிலேயத் தம்பதியர், தங்கள் வழிகாட்டி ஒரு பறக்கும் அணிலைக் கண்டவுடன் எங்களுக்குச் சைகை காட்டி அழைத்து, தங்கள் தொலைநோக்கியையும் கொடுத்து உதவினார்கள்.

ஒளிப்படப் பொறிகளை மரங்களில் கட்டி, தெராமாகோட்டையும் அண்டைக் காடான தாங்குலாப்பையும் ஒப்பிட்டு ஜெர்மனியின் லைப்னிட்ஸ் நிறுவனத்து விலங்கியலாளர்கள் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார்கள். தாங்குலாப் பழைய முறையில் கடுமையாக வெட்டப்பட்ட காடு. 2001-இல் வெட்டை நிறுத்தி ஓய்வில் விட்டார்கள். 2011-இல் அதுவும் சான்றிதழ் பெற்றது. சிதைந்த காட்டுக்கும் திரும்பும் வழி இருக்கிறது என்பதற்கு அதைவிட அருகில் ஒரு சாட்சி இல்லை.

ஜூலை 13, சனி, கினபாத்தாங்கான் கரை

காட்டின் தென் எல்லையில் கினபாத்தாங்கான் ஆறு ஓடுகிறது. கரையில் ஓராங் சுங்கை என்னும் ஆற்றங்கரைப் பழங்குடி மக்களின் பாலாட் கிராமம். ஒரு வீட்டில் எங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்: கையகல ஆற்று இறால், மஞ்சள் போட்ட மீன் குழம்பு. ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்தோம். வீட்டுக்கார அம்மையார் அதிகம் என்று சொல்லி ஒரு பொட்டலம் வறுத்த மீனைப் பயணத்துக்குக் கட்டிக் கொடுத்தார்.

அவருடைய கணவர் அறுபதைத் தாண்டியவர். ஆற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வெட்டு மும்முரமாக இருந்த காலத்தில் ஆறு தேநீர் நிறத்தில் ஓடியதாகவும், மேல்பகுதியில் தோட்டங்கள் வந்த பிறகு வெள்ளம் முன்னைவிட வேகமாக ஏறுவதாகவும் சொன்னார். தணிக்கையாளர்கள் வந்தால் ஊராரிடமும் கேட்பார்களா என்று கேட்டேன். கேட்பார்கள் என்றார். காட்டுக்குள் இருக்கும் மூதாதையர் கல்லறைகள் பற்றி, மீன் பிடிக்கும் உரிமை பற்றி, வேலை வாய்ப்பு பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். "எழுதியது எல்லாம் நடப்பதில்லை. ஆனால் முன்பு எழுதவும் யாரும் வந்ததில்லை" என்றார். எஃப்.எஸ்.சி-யின் பத்துக் கோட்பாடுகளுள் பழங்குடியினர் உரிமைக்குத் தனிக் கோட்பாடே உண்டு. அது ஏட்டில் படிப்பதற்கு எளிது. இந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அதன் கனமும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

குறைகளைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. எஃப்.எஸ்.சி 1993-இல் உருவான அமைப்பு. ஐ.நா.வின் ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டில் அரசுகள் காடுகளுக்கென்று கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றைச் செய்யத் தவறியதன் மறு ஆண்டு. சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள், மரவணிகர்கள் மூவரும் சம வாக்கோடு அமர்ந்து விதி செய்வது அதன் அமைப்புமுறை. சான்றிதழ் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். இடையில் ஆண்டுதோறும் தணிக்கை. ஆனால் தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பவர் தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. கண்டிப்பான தணிக்கையாளரை விட்டுக் கண்டிப்பில்லாதவரிடம் போக வழியிருக்கிறது. தொடக்கத்தில் துணை நின்ற கிரீன்பீஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2018-இல் எஃப்.எஸ்.சி உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. இந்தோனேசியாவில் காட்டை அழித்துச் செம்பனை வைத்ததாக எழுந்த புகாரின் நீண்ட விசாரணைக்குப் பிறகு, கொரிண்டோ குழுமத்தோடு இருந்த தொடர்பை எஃப்.எஸ்.சி 2021-இல் முறித்தது. முறித்தது நன்று, அவ்வளவு காலம் எடுத்தது நன்றன்று.

தெராமாகோட்டில் இது நடந்தேறியதற்குக் காரணம் முத்திரையின் மகிமை என்று நான் நம்பவில்லை. நிலம் அரசுடையது, வெட்டுபவர் ஒப்பந்தக்காரர், அவர் வெட்டும் அளவை முடிவு செய்வதில்லை, முடிவு செய்யும் துறை அடுத்த நாற்பது ஆண்டும் இங்கேயே இருக்கப்போகிறது. இந்த நிலைமையைத் தனியாருக்கும் உண்டாக்கத்தான் 1997-இல் சபா அரசு நூறு ஆண்டு உரிமங்களை அளித்தது. நூறு ஆண்டு கையில் இருந்தால் பேணுவார்கள் என்ற கணக்கு. சிலர் பேணினார்கள், பலருடைய உரிமம் பின்னர் பறிக்கப்பட்டது. முத்திரை, பேணும் எண்ணமுள்ளவருக்கு வெளியிலிருந்து ஒரு கண்ணாகவும் விற்பதற்கு ஒரு துணையாகவும் இருக்கிறது. எண்ணமே இல்லாதவரைத் திருத்த அதனால் இயலாது.

ஜூலை 14, ஞாயிறு, மீண்டும் சண்டாக்கான்

திரும்பும் வழியில் சரளைப் பாதை காய்ந்திருந்ததால் புழுதி. தெலுப்பிட் கடந்ததும் சிக்னல் வந்து, தம்பியின் கைப்பேசி தொடர்ந்து ஒலித்தது. நெதர்லாந்துக்காரர் மூன்று கடிதங்கள் அனுப்பியிருந்தார்.

துறைமுகக் கடையில் அமர்ந்து தம்பி கணக்குப் போட்டார். நான் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். சான்று பெற்ற செலாங்கான் பத்துப் பலகைக்குக் கூடுதலாகும் விலை, தொடர் சான்றுக்கான தணிக்கைக் கட்டணம், சான்று மரத்தைத் தனியே அடுக்கி வைக்கப் பட்டறையில் ஒதுக்க வேண்டிய இடம், கணக்கு எழுத ஓர் ஆளின் பாதிச் சம்பளம். எல்லாம் சேர்த்து ஆறு நாற்காலி, ஒரு மேசை கொண்ட தொகுதிக்கு நூற்றுக்குப் பதினொன்று விலை கூடுகிறது. அடிமரத்துத் தகட்டின் படத்தையும் வெட்டாமல் விட்ட தாய்மரத்தின் படத்தையும் சேர்த்து, இந்த விலை இவற்றுக்காக என்று விளக்கி அவர் கடிதம் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் இரவே பதில் வந்துவிட்டது. படங்கள் மிக அழகாக இருக்கின்றன, எங்கள் விளம்பரத்தில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். முத்திரை கட்டாயம் வேண்டும், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தினால் மரம் எந்த நிலத்தில் வெட்டப்பட்டது என்ற இடக்குறிப்பும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். விலை மட்டும் சென்ற ஆண்டு விலையாகவே இருக்க வேண்டுமாம்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், நூற்றுக்கு ஆறு வரை தருவதாக இருந்தால் மீதியைத் தன் இலாபத்திலிருந்து தாங்கிக்கொள்வதாகவும், அதற்கும் உடன்படாவிட்டால் இந்தப் பருவத்துக்கு முத்திரையில்லாத ரப்பர் மர நாற்காலிகளை உள்நாட்டிலேயே விற்றுக்கொள்வதாகவும், படங்களைப் பயன்படுத்த இப்போதைக்கு அனுமதி இல்லை என்றும் எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டி, எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். ஒரே ஓர் இடத்தைத் திருத்திக் கொடுத்தேன். அனுப்பிவிட்டார்.

நாளைக் காலை விமானம். பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.